குடித்திருந்தாளா, கூட யார் இருந்தது?

ஆதிச்சநல்லூர்ப் பறம்பில் ஒரு சாயங்காலம் நானும் என் சினேகிதியும் உட்கார்ந்திருந்தோம். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலை பறம்பை ஒட்டியே போகிறது. பஸ் போகும்போதெல்லாம் பேச்சு நின்று மறுபடி தொடங்கும். 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் இங்கே தோண்டினார். அதற்குப் பிறகு அலெக்சாண்டர் ரீ வருஷக்கணக்கில் தோண்டி நூற்றுக்கணக்கான பொருள்களைச் சென்னைக்குக் கொண்டுபோனார். 2004இல் மத்தியத் தொல்லியல் துறை மறுபடி தோண்டியபோது தாழி தாழியாக எலும்புக்கூடுகள் வந்தன. இதையெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருக்க, அவள் குறுக்கிட்டாள்: "செத்தவங்களத் தோண்டி எடுக்கவங்க, நீ குடிச்சிருந்தியான்னு அவங்கட்ட கேக்கது இல்ல, பாத்தியா."

அவள் சிரிக்கத்தான் செய்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அவளிடம் அந்தக் கேள்வியை முதலில் கேட்டவள் நான்தான்.

ஏறக்குறைய இருபது வருஷத்துக்கு முந்தைய கதை. வேலை பார்த்த இடத்தில் ஒரு வழியனுப்பு விருந்து. அதில் கூட இருந்த ஒருவனால் அவளுக்கு நடந்தது நடந்தது. விடிவதற்கு முன்னால் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்ததும் மது வாடை வந்தது. "ஏட்டி, குடிச்சிருந்தியா?" என்று கேட்டேன். அடுத்ததாக, "கூட யாரு இருந்தா?" முதல் கேள்விக்கு ஆமாம் என்றாள். இரண்டாவதற்கு இரண்டு சினேகிதிகளின் பெயரைச் சொன்னாள். என்ன நடந்தது என்று நான் கேட்பதற்குள் அவள் பேசுவதை நிறுத்தியிருந்தாள். புகார் எதுவும் கொடுக்கவில்லை. அந்த இரண்டு பேரும் பிற்பாடு விசாரித்தவர்களிடம், "அவளுந்தான் குடிச்சிருந்தா" என்றதோடு முடித்துக்கொண்டார்கள். இதை எழுத அவள் சம்மதம் தந்திருக்கிறாள். ஊரையும் பெயரையும் மட்டும் விட்டுவிடச் சொன்னாள்.

நான் பெண்ணியம் பேசுகிறவள். மேடையில் பேசியிருக்கிறேன், துண்டுப்பிரசுரம் எழுதியிருக்கிறேன். அப்படியிருந்தும் அந்த இருட்டில் என் வாயிலிருந்து வந்தவை அந்த இரண்டு கேள்விகள். அவற்றை நான் யோசித்துக் கேட்கவில்லை. எனக்கு முன்பே அவை இருந்தன, என் வழியாக வெளியே வந்தன. சொல்லாடல், அதிகாரம் என்றெல்லாம் நாம் எழுதிக்கொண்டிருக்கிறோமே, அது இப்படித்தான் வேலை செய்கிறது: நம் தொண்டையை இரவல் வாங்கிக்கொண்டு பேசுகிறது. இந்தக் கட்டுரை அந்த இரண்டு கேள்விகளின் வரலாற்றைத் தேடுகிற முயற்சி. என் குற்றத்தைக் கழுவிக்கொள்கிற முயற்சி என்றும் யாராவது வாசிக்கலாம், மறுக்க மாட்டேன்.

அகநானூற்றின் 256ஆம் பாட்டிலிருந்து தொடங்குகிறேன். மருதத்திணை. பரத்தையிடம் போய்வந்த தலைவன் வீட்டு வாசலில் நிற்கிறான். தோழி அவனை உள்ளே விட மறுக்கிறாள். நேற்று வையைப் புதுவெள்ளத்தில் நீ ஒருத்தியோடு ஆடியது எங்களுக்குத் தெரியும், நீங்கள் மறைத்தாலும் ஊர் பேசுகிறது என்கிறாள். அந்தப் பேச்சு எவ்வளவு பெரிது என்று சொல்ல ஒரு பழைய வழக்கை உவமையாக எடுக்கிறாள். கள்ளூர் என்ற ஊரில் ஒரு சின்னப் பெண்ணை ஒருவன் கெடுத்தான். பிறகு அவளைத் தெரியவே தெரியாது என்று சத்தியம் செய்தான். அவையத்தார் கண்ட சாட்சிகளைக் கேட்டு அவன் சொன்னது பொய் என்று கண்டார்கள். மரக்கிளையில் இறுகக் கட்டி அவன் தலையில் நீற்றைக் கொட்டினார்கள். அன்றைக்கு அந்த அவையில் எழுந்த ஆரவாரத்தை விடப் பெரிதாம், இப்போது எழுந்திருக்கிற அலர்.

இதை எடுத்துக்காட்டி, பார்த்தீர்களா, பழந்தமிழரிடம் எப்பேர்ப்பட்ட நீதி என்று பேசுகிறவர்கள் உண்டு. பொற்காலம் தேடுகிற அந்த வாசிப்பில் எனக்கு ஆர்வமில்லை. கள்ளூர்ப் பெண்ணுக்குப் பாட்டில் குரல் கிடையாது, நெற்றியும் அழகும்தான் உண்டு. அவளுக்கு நேர்ந்தது வேறொரு வீட்டுச் சண்டைக்கு உவமையாகிவிட்டது. ஆனாலும் பிரதியில் ஒரு விஷயம் துருத்திக்கொண்டு நிற்கிறது. அவை சோதித்தது அவன் வார்த்தையை. தெரியாது என்று சொன்னது உண்மையா பொய்யா என்பதற்குத்தான் சாட்சி கேட்டார்கள். அவள் அங்கே எதற்குப் போனாள், எந்த நேரத்தில் போனாள், யாரோடு போனாள் என்பதெல்லாம் விசாரணைக்குள் வரவே இல்லை. கவி சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று வாதிடலாம். தேவையில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது என்பதே எனக்குப் போதும்.

இன்னொன்று. இதே பாட்டின் தொடக்கத்தில் குடி வருகிறது. தலைவனுடைய ஊரை வருணிக்கும்போது ஒரு ஆமை, பனங்கள் குடித்தவர்கள் களிப்பில் நடக்கிற நடை நடந்து வயலைக் கலக்கிவிட்டுப் போய் ஆம்பல் இலைக்கடியில் ஒடுங்கிக்கொள்கிறது. உள்ளுறை தெரிந்தவர்களுக்கு அந்த ஆமை யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊரைக் கலக்குகிற தள்ளாட்டம் ஆணுடையது. ஒன்றும் நடக்காததுபோல் போய் ஒளிந்துகொள்வதும் அவனுடையது. இதைச் சொல்லுகிறவள் தோழி. குடி, வன்முறை, பொய்ச்சத்தியம், சாட்சி, அலர், எல்லாவற்றையும் வரிசையாக வைத்து அவனை வாசலிலேயே நிறுத்துகிற ஒரு தோழி. தலைவியைப் பார்த்து அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

தோழி என்கிற பாத்திரத்துக்கு நம் இலக்கணம் ஒரு கடமையைத் தந்திருக்கிறது: அறத்தொடு நிற்றல். தலைவியின் வாழ்க்கையில் நடந்ததை உரியவர்களிடம் உரிய நேரத்தில் எடுத்துச் சொல்வது அது. அங்கே பேசப்படுவது காதல், இங்கே நான் பேசுவது வன்முறை, இரண்டும் ஒன்றல்ல என்பது தெரியும். இருந்தாலும் அவளுக்காக வெளியே வந்து சொல்லவேண்டியது கூட இருக்கிறவளின் வேலை என்ற எண்ணம் இதில் இருக்கிறது. அந்த வேலையை நாம் எப்போது கைவிட்டு விசாரணை அதிகாரியின் வேலையை எடுத்துக்கொண்டோம் என்பதுதான் என் பிரச்சினை.

சட்டத்துக்கு வருவோம். 1860இல் எழுதப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தில் போதையைப் பற்றித் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். போதையில் இருப்பவர் தான் எதற்கு ஒப்புக்கொள்கிறோம் என்று விளங்காத நிலையில் தருகிற சம்மதம் சம்மதமே அல்ல என்றது 90ஆம் பிரிவு. தானாகக் குடித்துவிட்டுக் குற்றம் செய்தவனுக்குப் போதை விலக்காகாது. அவனுக்குத் தெரியாமலோ அவன் விருப்பத்துக்கு மாறாகவோ புகட்டப்பட்டிருந்தால்தான் விலக்கு என்பது 85, 86ஆம் பிரிவுகளின் சாரம். ஆக, காகிதத்தில் போதை அவளுக்குக் கவசம், அவனுக்குக் கவசமல்ல. நடைமுறையில் இது தலைகீழானது. அவன் குடித்திருந்தால், "பாவம், போதையில என்ன செய்றோம்னு தெரியாம..." என்பார்கள். அவள் குடித்திருந்தால், "என்ன நடக்கும்னு தெரிஞ்சேதான..." என்பார்கள். ஒரே திரவம் அவன் வயிற்றில் அறியாமையாகவும் அவள் வயிற்றில் அறிவாகவும் மாறுகிற ரசவாதம் இது.

1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் இந்த ரசவாதத்துக்கு ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தது. வல்லுறவு வழக்கில் புகார் சொன்னவள் பொதுவாக ஒழுக்கம் கெட்டவள் என்று காட்டி அவள் சாட்சியத்தைத் தகர்க்கலாம் என்றது 155ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு. 2002ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில்தான் அது நீக்கப்பட்டது. நூற்று முப்பது வருஷம்.

மதுரா வழக்கு நம் பக்கங்களில் பலமுறை எழுதப்பட்டதுதான். ஆனால் காவல்துறை வன்முறை என்ற கோணத்திலேயே அதை வாசித்திருக்கிறோம். குடி, கூட்டாளிகள் என்கிற இரண்டையும் வைத்துக்கொண்டு தீர்ப்புகளைத் திரும்பப் படித்தபோது எனக்கு வேறொன்று தெரிந்தது.

1972 மார்ச் 26 இரவு. மகாராஷ்டிரத்தில், அன்றைய சந்திரபூர் மாவட்டத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையம். பெற்றோரை இழந்த பழங்குடிப் பெண் மதுரா. அவள் வேலைக்குப் போன வீட்டம்மா நுஷி. நுஷியின் உறவுக்காரன் அசோக்கோடு மதுராவுக்குப் பழக்கம். தங்கையைக் கடத்திவிட்டார்கள் என்று அண்ணன் காமா கொடுத்த புகாரை விசாரிக்க எல்லோரையும் நிலையத்துக்கு வரவழைத்திருந்தார்கள். விசாரணை முடிந்து எல்லோரும் கிளம்பும்போது, மதுரா மட்டும் இருக்கட்டும், மற்றவர்கள் வெளியே போங்கள் என்றார்கள் இரண்டு போலீஸ்காரர்கள். ஒருவன் கண்பத். இன்னொருவன் துக்காராம். கண்பத் அவளை வல்லுறவு செய்தான். அடுத்து வந்த துக்காராமாலும் செய்ய முடியாமல் போனதற்கு அரசுத் தரப்பு சொன்ன காரணம், அவன் கடுமையான போதையில் இருந்தான் என்பது.

வெளியே நின்ற நுஷிக்கு விளக்கு அணைந்ததும் கதவு மூடியதும் சந்தேகத்தைக் கொடுத்தன. கட்டடத்தின் பின்பக்கம் போய்க் கூப்பிட்டாள். கூட்டம் கூடியது. அந்தப் பெண் அப்போதே போய்விட்டாள் என்றான் வெளியே வந்த துக்காராம். கொஞ்ச நேரத்தில் மதுரா அதே கட்டடத்திலிருந்து வெளியே வந்து நடந்ததைச் சொன்னாள். நுஷியின் அந்தக் கூப்பாட்டை நான் கள்ளூர் அவையின் ஆரவாரத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்கிறேன். தங்களை வழக்கில் மாட்டிவிட்டவனின் தங்கை அவள். நுஷி வீட்டுக்குப் போய்ப் படுத்திருக்கலாம். போகவில்லை.

இந்தக் கூட நின்றவர்களை நீதிமன்றங்கள் என்ன செய்தன என்பதைக் கவனிக்க வேண்டும். 1974இல் இருவரையும் விடுவித்த செஷன்ஸ் நீதிமன்றம் மதுராவைப் பொய்க்காரி என்றது, உடலுறவுக்குப் பழக்கப்பட்டவள் என்றது. தானே விரும்பிப் போனதை நுஷியிடம் ஒப்புக்கொள்ள முடியாமல், கூட்டத்தில் நின்ற காதலன் முன்னால் நல்லவளாகத் தெரியவேண்டும் என்பதற்காக வல்லுறவு என்று சொல்லிவிட்டாள் என்பது அதன் விளக்கம். 1976இல் மும்பை உயர்நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை அதை மாற்றிக் கண்பத்துக்கு ஐந்து ஆண்டும் துக்காராமுக்கு ஓராண்டும் தண்டனை கொடுத்தது. 1978 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. உடம்பில் காயமில்லை, எதிர்ப்புமில்லை என்றார்கள். அண்ணனும் மற்றவர்களும் பக்கத்திலேயே இருக்கும்போது கையைப் பிடித்தவனை உதறிவிட்டு அவர்களைக் கூப்பிட்டிருக்க மாட்டாளா என்றும் கேட்டார்கள்.

அதாவது, கூட ஆள் இருந்ததால் அவள் பொய் சொன்னாள் என்றது ஒரு நீதிமன்றம். கூட ஆள் இருந்தும் அவள் கத்தவில்லையே என்றது இன்னொன்று. துணை இருந்தாலும் அவளுக்கு எதிரான சாட்சி. இனி, துணை இல்லாமல் போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்பது நமக்கே தெரியும். துக்காராமின் குடியோ யாருக்கும் ஒழுக்கப் பிரச்சினையாகத் தெரியவில்லை. காவல் நிலையத்துக்குள், பணியில் இருக்கிற போலீஸ்காரன் அவ்வளவு குடித்திருந்தானே, அப்படிப்பட்டவன் வார்த்தையை எப்படி நம்புவது என்று யாரும் கேட்கவில்லை. அவள் நடத்தை அவள் சாட்சியத்தைக் கெடுத்தது. அவன் போதை அவன் மறுப்பைக் கெடுக்கவில்லை.

1979இல் உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் என்ற நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்கு எழுதிய பகிரங்கக் கடிதமும், அதையொட்டி எழுந்த போராட்டங்களும், 1983 திருத்தமும் பலருக்கும் தெரிந்தவை. அந்தத் திருத்தத்தில் ஒரு சின்ன விஷயம் பேசப்படாமலே போகிறது. போதையில் இருக்கிற பெண்ணின் சம்மதம் சம்மதமாகாது என்பதை வல்லுறவின் வரையறைக்குள்ளேயே, 375ஆம் பிரிவில், அப்போதுதான் வெளிப்படையாக எழுதினார்கள். 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது. ஆகவே சட்டத்தில் எழுதவில்லை என்று இன்றைக்கு யாரும் தப்பித்துக்கொள்ள முடியாது.

எழுதி என்ன? 2020 ஜூனில் கர்நாடக உயர்நீதிமன்றம் ஒரு முன்ஜாமீன் உத்தரவில், அந்தப் பெண் இரவு பதினோரு மணிக்கு எதற்கு அலுவலகம் போனாள், அவனோடு மது அருந்த ஏன் ஆட்சேபிக்கவில்லை என்று கேட்டது. களைத்துத் தூங்கிவிட்டேன் என்று அவள் சொன்னது இந்தியப் பெண்ணுக்கு ஏற்றதல்ல என்றும் எழுதியது. எதிர்ப்பு வந்த பிறகு அந்தக் கடைசிக் கருத்தை நீக்கினார்கள். 2025 மார்ச்சில் அலகாபாத் உயர்நீதிமன்றம். டெல்லியில் ஒரு முதுகலை மாணவி சினேகிதிகளோடு மதுக்கூடத்துக்குப் போயிருக்கிறாள். நின்று நடக்க முடியாத போதை. ஓய்வெடுக்கலாம் என்று அழைத்துப் போனவன் மீது வல்லுறவுப் புகார். அவனுக்கு ஜாமீன் தந்த நீதிபதி, குற்றச்சாட்டு உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் அவளே தொல்லையைத் தேடிக்கொண்டாள், நடந்ததற்கு அவளும் பொறுப்பு என்று எழுதினார். முதுகலை படிக்கிறவள், நல்லது கெட்டது தெரிந்தவள் என்பதும் காரணமாகச் சொல்லப்பட்டது. அடுத்த மாதமே உச்சநீதிமன்றம், ஜாமீன் கொடுப்பது வேறு, இப்படியெல்லாம் எழுதுவது எதற்கு என்று கண்டித்தது. கவனியுங்கள்: நிற்க முடியாத நிலையில் இருப்பவளின் சம்மதம் சம்மதமல்ல என்று எந்த நிலையைக் காட்டிச் சட்டம் சொல்கிறதோ, அதே நிலையைக் காட்டித்தான் அவள் பொறுப்பாளியாக்கப்படுகிறாள். படித்தது சேர்ந்துகொண்டு பாரத்தைக் கூட்டுகிறது. படிக்காத மதுராவுக்கும் வேறு பாரம் தயாராகத்தானே இருந்தது.

டெல்லி, அலகாபாத் என்று போய்விட்டு நம்மூரை விட்டுவிட முடியாது. 2012 டிசம்பர் 16 இரவு டெல்லியில் ஓடும் பஸ்ஸில் நடந்தது உலகத்துக்குத் தெரியும். நாலு நாள் கழித்து, டிசம்பர் 20 அன்று, இந்தப் பறம்பிலிருந்து அதிகத் தொலைவில்லாத தாதன்குளம் பக்கத்தில், பள்ளிக்கூடம் போகிற வழியில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டாள். அந்த வாரம் எங்கள் பகுதி டீக்கடைகளிலும் பஸ்ஸிலும் நான் கேட்ட பேச்சு இப்போதும் காதில் இருக்கிறது. டெல்லிப் பெண்ணைப் பற்றி: "ராத்திரி நேரத்துல ஆம்பளப் பையன் கூட எதுக்குச் சுத்துதா?" இந்தச் சிறுமியைப் பற்றி: "பொட்டப் புள்ளய எதுக்குத் தனியா அனுப்புனாவ?" இரண்டையும் ஒரே ஆள், ஒரே டீயைக் குடித்து முடிப்பதற்குள் சொன்னார். கெட்டவர் இல்லை, எங்களுக்குத் தெரிந்தவர்தான், துக்கத்தோடுதான் சொன்னார். டெல்லியில் கூட இருந்த அந்த நண்பர்தான் அடிபட்டு உயிர் தப்பி, வழக்கில் அரசுத் தரப்பின் முதல் சாட்சியானவர் என்பதைப் பற்றி அவரிடம் பேசிப் பார்த்தேன். "அது சரிதாம்மா, இருந்தாலும்..." என்றார். அந்த இருந்தாலும் என்ற சொல்லில் எத்தனை நூற்றாண்டு இருக்கிறது என்று தெரியவில்லை.

2019இல் பொள்ளாச்சி வெளியே வந்தபோது நட்பே வலையாக இருந்தது. பழகி, நம்பவைத்து, கூட்டிப்போய், படமெடுத்து மிரட்டினார்கள். துணிந்து புகார் கொடுத்த பெண்ணின் பெயரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அப்படிச் சொல்வது 1983லிருந்தே குற்றம். அன்றைக்குத் தமிழ்நாடு முழுக்க வீடுகளில் பெண்பிள்ளைகளுக்கு என்ன உபதேசம் நடந்தது? யாரோடும் பழகாதே. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பளித்தது. ஆறு வருஷம் இழுத்தடித்த வழக்கில் பாதிக்கப்பட்ட பெண்கள் ஒருவர்கூடப் பிறழ்சாட்சி ஆகவில்லை. நட்பால் ஏமாற்றப்பட்டவர்கள் என்று ஊர் இரக்கப்பட்ட பெண்கள், ஒருவர் முகத்தை ஒருவர் அறியாமலேயே ஒருவருக்கொருவர் துணை நின்றிருக்கிறார்கள் என்று நான் இதை வாசிக்கிறேன். வாச்சாத்தியில் 1992 ஜூனில் வல்லுறவுக்கு ஆளான பதினெட்டுப் பெண்கள், சந்தனமரம் கடத்துகிறவர்கள் என்ற பட்டத்தைச் சுமந்துகொண்டு 2011 தீர்ப்பு வரைக்கும், பிறகு 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்கிற வரைக்கும் நின்றதும் இதேதான். அறத்தொடு நிற்றலில் உள்ள நிற்றல் முப்பத்தோரு வருஷ நீளமுள்ளது என்பதை இலக்கணம் சொல்லவில்லை.

2024 டிசம்பர் 23, சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகம். மாணவி ஒருத்தி தன் நண்பனோடு பேசிக்கொண்டிருந்தாள். வந்தவன் நண்பனை மிரட்டி விரட்டினான், அவளைத் தாக்கினான். அவள் மறுநாளே புகார் கொடுத்தாள். முதல் தகவல் அறிக்கை, அவளை அடையாளம் காட்டும் விவரங்களோடு, வெளியே கசிந்தது. தானாக முன்வந்து விசாரித்த சென்னை உயர்நீதிமன்றம், அந்த அறிக்கை எழுதப்பட்டிருக்கிற மொழியே அவளைக் குறை சொல்வதாக இருக்கிறது என்று கண்டித்தது. இருபத்தைந்து லட்சம் இடைக்கால இழப்பீடும் பெண் அதிகாரிகள் கொண்ட சிறப்புக் குழுவும் என்று உத்தரவிட்டது. 2025 ஜூன் 2 அன்று குற்றவாளிக்குக் குறைந்தது முப்பது வருஷம் வெளியே வராத ஆயுள் தண்டனை. வேகமான தீர்ப்புதான். ஆனால் அந்த அறிக்கையை எழுதிய கையை நினைத்துப் பார்க்கிறேன். புகார் எழுதுகிற ஏட்டும் என்னைப்போலத்தான்; அவர் தொண்டையிலும் அந்தக் கேள்விகள் முன்கூட்டியே இருந்திருக்கின்றன. அவர் எழுதினார், நான் கேட்டேன்.

இதற்கு நடுவே குடியைப் பற்றித் தனியாகக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இது பனை நாடு. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். அவ்வளவுதான் வித்தியாசம். கள்ளூர்க்காரன் தலையில் கொட்டிய நீறும் சுண்ணாம்பாகத்தான் இருக்கும் என்று பனையேறி வீட்டில் பிறந்த என் சினேகிதி சொல்லுவாள்: "புளிச்சுப் போனவனுக்கு லேட்டாத் தடவிருக்காவ." 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார், 1971இல் அது தளர்ந்தது, 1983இல் டாஸ்மாக் வந்தது, 1987லிருந்து கள்ளுக்குத் தடை, 2003லிருந்து சில்லறை விற்பனையும் அரசாங்கத்தின் கையில். பனையேறி கள் இறக்கினால் வழக்கு, அரசாங்கம் பிராந்தி விற்றால் வருமானம். இந்த வரலாறு முழுக்க மதுவிலக்குப் பேச்சில் பெண் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறாள்: குடிகாரனின் மனைவியாக, அடிபடுகிறவளாக. 1992இல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் தொடங்கிய சாராய எதிர்ப்பை நான் குறைத்துப் பேசவில்லை, அந்தப் பெண்கள் சாதித்தது பெரிது. ஆனால் மதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்லிச் சொல்லி, குடித்தவனை நாம் மெல்ல மெல்லக் குற்றத்திலிருந்து இறக்கிவிட்டிருக்கிறோம். பாட்டில் குற்றவாளி, மனுஷன் அப்பாவி. அடிபடுகிற மனைவி என்ற இடத்தில் இல்லாத பெண், தானே குடிக்கிற பெண், இந்தப் பேச்சுக்குள் வரும்போது அவளுக்கு இருக்கிற ஒரே நாற்காலி குற்றவாளிக் கூண்டு. நம் இடதுசாரித் தோழர்களும் இதில் விலக்கல்ல. கூட்டம் முடிந்து அவர்கள் குடிப்பது தோழமை. நாங்கள் ஒரு வாய் குடித்தால் அது சிதைவு.

என் சினேகிதி அந்த இரவுக்குப் பிறகு குடிக்கவில்லை. இன்றுவரை. எங்கள் வட்டத்தில் இது நல்ல செய்தியாகப் பரவியது. "இப்ப திருந்திட்டா" என்றார்கள். அவள் காதுபடவே சொன்னார்கள். பாராட்டுவதாகத்தான் நினைத்தார்கள். அவள் குடியை விட்டதே அவள் மீதான குற்றப்பத்திரிகைக்கு அவள் போட்ட கையெழுத்து என்று ஆனது. விட்டதால் அப்போது தப்பு அவளுடையது. விடாமல் இருந்திருந்தால் எப்போதுமே தப்பு அவளுடையது. நானும் அந்தத் திருந்திட்டாவில் உள்ளூர நிம்மதி அடைந்தவள் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். அவள் குடிக்காமல் இருப்பது, நான் கேட்ட கேள்வி சரிதான் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தது.

பறம்பில் அன்றைக்கு இதைப் பற்றி முதல்முறையாக அவளிடம் வாய்விட்டுப் பேசினேன். அவள் கொஞ்ச நேரம் எதிரே இருந்த பனைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வாடை ஒத்துக்கல, அதான் விட்டேன். அந்த வாடை வந்தா அவன் மூஞ்சி வருது. அதுக்கும் நான் செஞ்ச தப்புக்கும் என்ன சம்பந்தம்? நான் என்ன தப்பு செஞ்சேன்? பிராயச்சித்தம் பண்ண நான் என்ன கொலையா பண்ணேன்? காலு ஒடிஞ்சவன் ஓடாம இருந்தா, ஓடுனதுதான் அவன் குத்தமா?" என்றாள். பிறகு, "நீங்க எல்லாரும் சந்தோசப்பட்டீங்கள்லா, அதப் பாத்துட்டு ஒரு நாள் வேணும்னே வாங்கிக் குடிக்கலாம்னு நெனச்சேன். கிளாஸ வாய்க்கிட்ட கொண்டுபோக முடியல."

மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்டால் அதற்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அந்தப் பாரத்தையும் ஏற்றுவானேன் என்று தோன்றியது. அதற்குப் பதிலாக, இருபது வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டிய ஒன்றைக் கேட்டேன்: "அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுக்கு எப்படி வந்தே?"

திருச்செந்தூர் பஸ் ஒன்று போய் முடிகிறவரை காத்திருந்தாள்.

"நடந்துதான். அந்த நேரத்துல ஏது பஸ்? செருப்ப அங்கேயே விட்டுட்டேன். வழியில ரெண்டு பேர் வீடு இருந்துச்சு, சொந்தக்காரங்க வீடு ஒண்ணு, டீச்சர் வீடு ஒண்ணு. ரெண்டுலயும் லைட் எரிஞ்சிக்கிட்டு இருந்துச்சு. தாண்டி வந்தேன். ஒன் வீட்டுல லைட் இல்ல. இருந்தாலும் ஒன்கிட்டதான் வரணும்னு இருந்துச்சு."